முன்னுரையில் கேள்வி வராது

மே 2, வெள்ளி

காலை எட்டு மணிக்கே அனல். அக்னி நட்சத்திரம் நாளை மறுநாள்தான் தொடக்கம். நம்ப முடியவில்லை.

இன்று செய்தவை: கேஸ் புக் செய்தது. இவர் கடைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியது. முட்டி எக்ஸ்ரேயை டாக்டரிடம் காட்டியது. "படி ஏறுறத கம்மி பண்ணுங்க" என்றார். தினமும் நாலு பஸ் ஏறி இறங்குகிறேன் என்றேன். "அதையும் கம்மி பண்ணுங்க."

மூன்றரை மணிக்கு இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து பணி மாறுதல் விண்ணப்பம் போட்டேன். வேங்கிக்காலில் ஒரு பள்ளி, கணக்குக்கு ஒரே ஒரு காலியிடம். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். பஸ்ஸே ஏற வேண்டாம். எச்.எம். ஒப்புதல் கொடுத்து மேலே அனுப்ப வேண்டும். போன் செய்தேன், இன்றே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

ஜெயந்தியிடம் சொல்லவில்லை.

இதை எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் எனக்கு வசதியாக மறந்துபோகும். ஏப்ரலில் பஸ்ஸில் வைத்து நான்தான் அவளிடம் சொன்னேன்: "நான் போடல ஜெயந்தி. நீ போடு. உனக்குத்தான் கொழந்த இருக்குது." யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளி. பதினோரு வருடம் முன்னால் இரண்டு பேரும் ஒரே நாளில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தோம். சீனியாரிட்டி பட்டியலில் என் பெயருக்கு அடுத்த வரி அவள் பெயர். நான் போட்டால் இடம் எனக்கு. நான் போடாவிட்டால் அவளுக்கு. அவள் மகள் யாழினிக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. வீட்டுக்காரர் பெங்களூரில். குழந்தைக்கு முடியவில்லை என்று போன் வந்தால் இரண்டு பஸ் பிடித்து இவள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

பதினோரு வருடமாக எனக்கு பஸ்ஸில் இடம் பிடிப்பவளும் அவள்தான். பஸ் நிற்பதற்குள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போடுவாள். நான் சாவகாசமாக ஏறுவேன்.

போட்டாயிற்று. இனி யோசித்து என்ன.

மே 3, சனி

வெயில். இரண்டு முறை கரண்ட் போனது.

எதிர்வீட்டு ஷாகிதா, ப்ளவுஸ் தைப்பவள், ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். அவள் தம்பி வெளிநாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தபோது கொண்டுவந்த ஆட்டங்களாம். மொத்தம் நான்கு பெட்டி. "மெஷின் வெக்கவே எடம் இல்ல டீச்சர். இத என்னா பண்றது? வெளையாடித்தான் பாப்போமே" என்றாள். மதியம் மூன்று மணிக்கு இந்த வெயிலில் யாரும் ப்ளவுஸ் கேட்டு வரமாட்டார்கள். எனக்கும் லீவு. ஜெயந்தியை போனில் கூப்பிட்டோம். யாழினியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இவர் கடையை மூடிவிட்டு வந்து தூங்குவதற்குப் பாய் விரித்தார். அந்தப் பாய்மேல் ஆட்டத்தை விரித்துவிட்டோம். நான்காவது ஆளும் கிடைத்தார்.

விதிப்புத்தகம் முழுக்க இங்கிலீஷ். டீச்சர்தானே, நீங்களே படியுங்கள் என்று என் மடியில் போட்டார்கள். பதினாறு பக்கம். பிள்ளைகளுக்குச் சொல்வதையே நானும் செய்தேன். முன்னுரையில் கேள்வி வராது, நேராக ஒன்றாம் பாடத்துக்குப் போ.

முதல் பெட்டி: சந்தை ஆட்டம் (நாங்கள் வைத்த பெயர்). ஆடு, தானியம், செங்கல், மரம் என்று சீட்டுகள். இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்கி வீடு கட்ட வேண்டும்.

பார்த்ததும் தோன்றியது: துண்டுகள் அழகு. பெட்டியே தடிமனாக, கல்யாண ஸ்வீட் பெட்டி போல இருக்கிறது. பகடை இரண்டும் குட்டி. இவர் தாயக்கட்டை மாதிரி உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் கீழே போட, ஒன்று பீரோ அடியில் போய்விட்டது. துடைப்பத்தால் எடுத்தோம். கூடவே போன வருடம் காணாமல் போன மூக்குக்கண்ணாடி மூடியும் வந்தது.

ஷாகிதாவிடம் பேரம் பேசவே முடியாது. ஒரு ஆட்டுக்கு இரண்டு செங்கல் கேட்கிறாள். "துணி நல்ல துணி டீச்சர்" என்கிறாள், ஆட்டைப் பார்த்து. இவர் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறார். கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவதிலும் இதே கதைதான்.

ஜெயித்தது நான். மார்க்: நூற்றுக்கு 62. பகடைக்காக எட்டு மார்க் குறைத்தேன்.

ஜெயந்தி இன்று வழக்கத்தைவிடக் கம்மியாகப் பேசினாள். "லிஸ்ட் எப்பக்கா வருமாம்?" என்று ஒரு தடவை கேட்டாள். கடைசி வாரம் என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மே 7, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. மோர்மிளகாய் காயப்போட்டேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம்.

இவரிடம் சொன்னேன், ஜெயந்திக்குத் தெரியாமல் போட்டிருக்கிறேன் என்று. "தெரியாம போட்டா அவளுக்குத் தெரியாமயே பூடுமா? லிஸ்ட்ல பேர் வராதா?" என்றார். வரும் என்றேன். "அப்ப சொல்லிடு." சுலபமாகச் சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்துத் தூங்கிவிட்டார்.

மே 10, சனி

மேகம், ஆனால் மழை இல்லை. புழுக்கம் ஜாஸ்தி.

இரண்டாவது பெட்டி: ரயில் ஆட்டம். எங்கேயோ இருக்கிற ஒரு தேசத்தின் வரைபடம். ஊர்ப்பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஷாகிதா பெயர் மாற்றிவிட்டாள்: செங்கம், போளூர், ஆரணி, செஞ்சி. அதன்பிறகு எல்லாருக்கும் புரிந்தது. "ஆரணில இருந்து செஞ்சிக்கு நேரா ரயிலா? இங்கயாச்சும் உட்டானே" என்றார் இவர்.

பிடித்தது: குட்டி ரயில் பெட்டிகள். வரிசையாக வைக்கும்போது கைக்கு நன்றாக இருக்கிறது.

பிடிக்காதது: யாருக்கு எந்த ஊர் வேண்டும் என்பது ரகசியச் சீட்டு. மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயந்தியின் முகம் எனக்கு அத்துப்படி. போளூர் பக்கம் அவள் மூன்றுமுறை பார்த்தாள். அவளுக்குத் தேவையான ஒரே பாதையில் என் பெட்டிகளை அடுக்கினேன். எனக்கு அந்தப் பாதையால் ஒரு லாபமும் இல்லை.

"பரவால்லக்கா. நான் சுத்திக்கினு போறேன்" என்றாள்.

ஆட்டம்தானே. ஆனாலும் கை கழுவும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாவது பெட்டி வெறும் சீட்டு. மிருகப் படங்கள். கடைசிவரை ஒரு சீட்டோடு மாட்டிக்கொள்கிறவர் தோல்வி. இவர் சொன்னார், "இது நம்ம கழுதை ஆட்டம்டீ, சட்ட மாத்திக்கினு வந்துக்கீது." உண்மைதான். சின்ன வயதில் விளையாடியதே. ஐந்து ஆட்டத்தில் மூன்று முறை இவர் கழுதை. சந்தோஷமாகவே ஆனார்.

ரயில் 70, கழுதை 55. பாஸ்.

இன்றும் சொல்லவில்லை. ஷாகிதா கூட இருந்தாள் என்று காரணம் எழுதலாம். ஷாகிதா மல்லாட்டைக் கடலை வேகவைக்கப் போய் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணியும் நான் சீட்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். நேற்று சாயந்திரத்திலிருந்தே எங்கள் தெருமுனையில் தடுப்பு. வண்டி எதுவும் நகராது. எங்கு பார்த்தாலும் தலை. பால்காரர் நடந்து வந்தார். வாசலில் யாரோ ஐந்து பேர் செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எங்கள் வீட்டைச் செருப்புக்கடை என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஜெயந்தி காலையில் யாழினியோடு மலை சுற்ற வந்தவள், வெயில் ஏறியதும் குழந்தைக்கு இரைக்க ஆரம்பிக்க, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆட்டோ கிடைக்காது. குழந்தை மருந்தை உறிஞ்சிவிட்டு உள்ளறையில் தூங்கினாள். கொஞ்ச நேரம் அந்த மூச்சுச் சத்தம் கூடம்வரை கேட்டது. ஜெயந்தி கையில் சீட்டு, காது உள்ளறையில்.

ஷாகிதாவும் வந்தாள், கடையைத் திறந்தும் பயனில்லை என்று.

நான்காவது பெட்டி: கப்பல் ஆட்டம். நாலு பேர் ஒரே கப்பலில். கேப்டன், தச்சன், சமையல்காரன், மேலே ஏறித் தூரம் பார்ப்பவன். கப்பலில் ஓட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் ஒரு கோடு ஏறும். மரம், கயிறு, ஆணி என்று சீட்டுகளைச் சேர்த்து ஓட்டையை அடைத்துக் கரைக்குப் போக வேண்டும்.

முன்னுரையைத் தள்ளிவிட்டு "ஆட்டம் தொடங்கும் முறை" என்ற பக்கத்திலிருந்து படித்தேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. யார் ஜெயித்தவர் என்று அந்தப் பக்கத்தில் இல்லை. நானே முடிவு செய்தேன்: யார் கையில் அதிக மரச்சீட்டு சேர்கிறதோ அவர். எல்லாரும் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

ஏழாவது சுற்றில் கப்பல் முழுகியது. மறுபடி ஆடினோம். ஆறாவது சுற்றில் முழுகியது.

ஷாகிதா: "இது இன்னா ஆட்டம் டீச்சர், போட்டவனே வெளையாடிப் பாக்கல போல."

மரச்சீட்டு என்னிடம்தான் அதிகம். ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டேன். முழுகின கப்பலில் ஜெயித்தவள்.

மார்க்: 28. ஃபெயில்.

நாலு மணிக்கு வெயில் இறங்கியதும் ஜெயந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

மே 17, சனி

மாம்பழம் ஒரு கூடை வந்தது, இவர் வாடிக்கையாளர் கொடுத்தது. பாதி அழுகல்.

கப்பல், மூன்று முறை. மூன்றும் முழுகல். எனக்கு வெறி ஏறிவிட்டது. கணக்கு போட்டேன்: மொத்த மரச்சீட்டு எத்தனை, ஓட்டைக்கு எத்தனை தேவை, சுற்றுக்கு எத்தனை வரும். கணக்குப்படி கரை சேர முடியும். பிறகு ஏன் முழுகுகிறது? கயிறு சீட்டு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். "யார்கிட்ட இருக்கு கயிறு?" என்று கேட்டேன். மூன்று பேரும் அமைதி. வகுப்பில் சாக்பீஸ் எறிந்தது யார் என்று கேட்டால் வருகிற அதே அமைதி.

நானும் பேசவில்லை. என்னிடம் ஆணி சீட்டு நாலு இருந்தது.

ஜெயந்தி கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, "அக்கா, எதாச்சும் சொல்லணுமா?" என்றாள். எதைப் பற்றி என்றேன். "இல்ல, சும்மா" என்றாள்.

தெரிந்திருக்குமோ. தெரிந்திருந்தால் கேட்டிருப்பாளே. நானாக இருந்தால் வீதியில் நிறுத்திக் கேட்டிருப்பேன்.

மே 20, செவ்வாய்

மாலையில் ஒரு தூறல். மண்வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

வேலை ஒன்றும் ஓடவில்லை. கப்பல் பெட்டியை எடுத்து விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முன்னுரை ஒரே ஒரு பக்கம். அதன் சாரம்:

இந்த ஆட்டத்தில் எதிராளி கடல் மட்டும்தான். நான்கு பேரும் ஒரே பக்கம். தனியாக யாரும் ஜெயிக்க முடியாது, தனியாக யாரும் தோற்கவும் முடியாது. சீட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். பேசிப் பேசி ஆடுங்கள். தன் முறை வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சீட்டைக் கொடுக்கலாம். இவ்வளவும் செய்தும் கப்பல் முழுகலாம்.

இரண்டு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளிடம் முன்னுரையைத் தள்ளு தள்ளு என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். தனியார் பள்ளியில் பாதி, இங்கே பாதி. எத்தனை பிள்ளைகள் என்னென்ன புத்தகத்தில் எதை எதைத் தள்ளினார்களோ.

28 மார்க்கை அடித்துவிட்டேன். மறுதிருத்தம்.

இதில் எனக்கு ஏதோ பாடம் இருக்கிறது என்று எழுதப்போவதில்லை. எனக்கே தெரிகிறது, எழுத வேறு வேண்டுமா. சனிக்கிழமை சொல்லிவிட வேண்டும். கலந்தாய்வு 29ஆம் தேதி என்று வாட்ஸப்பில் வந்துவிட்டது.

மே 24, சனி

வெயில் குறைந்த மாதிரி. அல்லது பழகிவிட்டது.

நாலு பேரும் பாயில். முதலில் விதியைச் சொன்னேன். முன்னுரையைப் படிக்காமல் விட்டதையும் சொன்னேன்.

இவர்: "அப்ப அஞ்சு வாட்டி சும்மாவா முழுவனோம்?"

ஷாகிதா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "டீச்சரே பாடத்த தப்பா நடத்திட்டாங்கோ" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

சீட்டுகளைத் திறந்து பாயில் வைத்தோம். கூச்சமாக இருந்தது, உண்மையாக. நாலு பேர் கையும் ஒரே நேரத்தில் தெரிகிறது. இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இவர், "கயிறு ஜெயந்திகிட்ட, ஆணி உங்கிட்ட, மரம் எங்கிட்ட. அடைச்சிடலாமே" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஜெயந்தி தன் கடைசிச் சீட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேற எதுனா இருக்காக்கா, தெறந்து வைக்கிறதுக்கு?"

சொன்னேன். வேங்கிக்காலுக்கு நானும் போட்டிருக்கிறேன், ஏப்ரலில் சொன்ன வார்த்தையை மீறிவிட்டேன், இரண்டாம் தேதியே போட்டேன். மூன்று வாக்கியம். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

"தெரியும். எனக்கும் ரெண்டாந்தேதியே தெரியும். எச்.எம். ரெண்டு ஃபாரத்தையும் சேத்து அனுப்பிட்டு எனக்கு போன் பண்ணாரு. ரெண்டு பேரும் பேசிக்கினீங்களான்னு கேட்டாரு."

"அப்ப ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். முட்டி வலின்னா வலின்னு சொல்லிட்டுப் போட்டுருக்கலாம். நான் வேணாம்னா சொல்லப் போறேன்? நாலு சனிக்கிழமையா பாக்கறேன்க்கா. போன வாரம் வரவே வேணாம்னு இருந்தேன். ஷாகிதாக்கா பிரியாணி கொண்டாறேன்னாங்க, அதுக்காக வந்தேன்."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. எனக்கு வெட்கம். வேறு சொல் தேடவில்லை.

பிறகு ஷாகிதா பாயைத் தட்டினாள். "கப்பல் பேச்ச விடுங்க. இதயே அதே மாதிரி தெறந்து வெச்சி பேசுங்க. டீச்சருக்கு இன்னா வேணும்?"

எனக்கு இரண்டாவது பஸ் வேண்டாம், அதன் படி உயரம், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. அவ்வளவுதான். வேங்கிக்காலே வேண்டும் என்றில்லை.

"ஜெயந்திக்கு?"

யாழினியின் பள்ளிக்கு அவள் பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். வேங்கிக்கால்தான் வேண்டும்.

இவர் மல்லாட்டைத் தோலை ஒதுக்கிக்கொண்டே, "கீழ்பென்னாத்தூர் டவுன்லயே கணக்கு வாத்தியார் ஒருத்தர் இந்த மாசத்தோட ரிட்டயர்டு ஆவறாரே. மோட்டார் குடுத்துக்கீறாரு எங்கிட்ட. ஸ்கூலு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்றார்.

ஒரே பஸ். இறங்கினால் பள்ளி. கலந்தாய்வில் எந்தக் காலியிடத்தையும் கேட்கலாம்.

"ஏங்க, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீ எங்க கேட்ட."

நான் கீழ்பென்னாத்தூர், அவள் வேங்கிக்கால். பேசி முடித்தோம். அப்புறம் கப்பலை ஓட்டினோம். ஒன்பதாவது சுற்றில் கரை சேர்ந்தது. நாலு பேரும் ஜெயித்தோம். யாரை என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டிருந்தோம்.

மார்க்: 91.

மே 29, வியாழன்

வெயில். கலந்தாய்வு ஹாலில் நாற்காலிகள் போதவில்லை. ஏசி இருந்தது, ஓடவில்லை.

ஜெயந்தியும் நானும் பக்கத்துப் பக்கத்தில். சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். முன்னால் பெரிய திரை, காலியிடங்கள் வரிசையாக. எடுக்க எடுக்க வரி மறையும். கீழ்பென்னாத்தூர் மூன்றாவது வரி, வேங்கிக்கால் பத்தாவது வரி. இரண்டும் இருந்தன. அவள் கொண்டுவந்த தக்காளி சாதத்தை டப்பா மூடியில் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பாக்கி. மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எழுந்து போனார். மூன்றாவது வரி மறைந்தது.

இரண்டு பேரும் பார்த்தோம். அடுத்த ஆள் போய் வருகிறவரைக்கும்தான் நேரம்.

ஜெயந்தி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "வேங்கிக்கால எடுத்துக்குங்கக்கா. உங்க டர்ன்தான். நான் எதுவும் நெனச்சிக்க மாட்டேன்."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் மூன்று படி. கைப்பிடி இல்லை. ஏறினேன்.

"எந்த ஸ்கூல் மேடம்?"

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எடுத்திருப்பேன். எனக்கு நானே பொய் எழுத வேண்டிய அவசியம் இல்லை, எடுத்திருப்பேன். "வாய்ப்பு இல்லாமல் போச்சு, என்ன செய்வது" என்று சொல்லிக்கொண்டு எடுத்திருப்பேன். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே நாலு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தவள், கடைசியில் இதையும் எனக்கே விட்டுக்கொடுக்கிறாள். கோபம் வந்தது. இந்த ஆட்டத்திலும் இவளையே ஜெயிக்க விடக்கூடாது என்று தோன்றியது. நல்ல மனசு, தியாகம் என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

"விருப்பமில்லை" என்றேன். ஒரு கையெழுத்து வாங்கினார்கள். இறங்கும்போது இடது முட்டி மடங்க மறுத்தது. பக்கவாட்டில் திரும்பிப் படி இறங்கினேன்.

அடுத்த பெயர் அவளுடையது. போகவில்லை, உட்கார்ந்தே இருந்தாள். இரண்டாவது தரம் கூப்பிட்டார்கள்.

"போ ஜெயந்தி. யாழினிய நெனச்சிக்கோ."

போனாள். பத்தாவது வரி மறைந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில், தோளைத் தொட்ட என் கையை உதறினாள். "நான் கேட்டனா உங்கள? கேட்டனா?" கேட்கவில்லை என்றேன். அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசி. டீ வாங்கினேன். அவள் டீ ஆறி ஆடை கட்டும்வரை குடிக்கவில்லை.

மே 31, சனி

ஜெயந்தி வருவாளா என்று மூன்று மணியிலிருந்து வாசலையே பார்த்தேன். மூன்றே முக்காலுக்கு வந்தாள். வாழைப்பூ வடை கொண்டு வந்தாள். அரைமணி நேரம் என்னைத் தவிர எல்லாரோடும் பேசினாள்.

கப்பல். சீட்டு எல்லாம் திறந்தேதான் இருந்தது. பேசிப் பேசித்தான் ஆடினோம். கணக்கும் சரி. தண்ணீர் இரண்டு கோடு சேர்ந்தாற்போல் ஏறியது. எட்டாவது சுற்றில் முழுகியது.

ஷாகிதா: "இப்ப இன்னா தப்பு பண்ணோம்?"

ஒன்றும் பண்ணவில்லை. முழுகலாம் என்று முன்னுரையிலேயே இருக்கிறது.

அப்போதுதான் ஜெயந்தி என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "திங்கக்கெழம யாரு எடம் புடிப்பாங்க உங்களுக்கு?"

நானே பிடித்துக்கொள்வேன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

வடையில் உப்பு கம்மி. சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. லேசான காற்று.

7.40 பஸ். நான் நடந்துபோய்ச் சேர்வதற்குள் எல்லா ஜன்னலிலும் துண்டு, கர்ச்சீப், ஒரு டிபன் பை. கம்பியைப் பிடித்து நின்றேன். வலது காலை முதலில் வைத்து ஏறினால் வலி கொஞ்சம் கம்மி, குறித்துக்கொள்ள வேண்டும்.

8.05க்கு ஜெயந்தி மெசேஜ்: புதுப் பள்ளிக்கு வந்துவிட்டாளாம், இன்னும் கேட்டே திறக்கவில்லையாம். பிறகு இன்னொன்று: "எடம் கெடச்சுதாக்கா?" கிடைத்தது என்று அனுப்பினேன், நின்றுகொண்டே.

கண்டக்டர் பழைய ஆள்தான். கூட்டத்தில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு இலவச மகளிர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தார். ஒன்று போதும் என்றேன். "ஏன், அந்த டீச்சர் இன்னிக்கி லீவா?"

மாற்றல் ஆகிவிட்டது என்றேன்.

"கிழிச்சிட்டனே" என்றார். "இருக்கட்டும், வெச்சுக்குங்க."

இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஒன்று இந்தப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றைச் சனிக்கிழமை அவளிடம் கொடுக்க வேண்டும்.